பனஞ்சிலாகைக் கூடா, உமித்தரைக் கூடா?

எங்கட வளவில் ஐந்து வருசம் நின்றது கால் வைத்த கோழிக்கூடு. நாலு பனங்குற்றி, நெஞ்சளவு உயரம், அடித்தட்டுக்கு இடைவெளி விட்டு அடித்த பனஞ்சிலாகை, சுற்றிவரக் கோழிவலை, மேலே கிடுகு. போன வருசம் அதைக் கழற்றிவிட்டு, நிலத்தோடு சீமெந்துத் தரை போட்டு உமி பரப்பிய கூடு ஒன்று கட்டினோம். பத்துப் பன்னிரண்டு ஊர்க்கோழிகளை இரண்டிலும் வைத்துப் பார்த்தாயிற்று. எனக்கு இப்ப உமித்தரைதான் பிடித்திருக்கிறது. அதற்குப் பெரிய காரணம் ஒன்றுதான்: கோழியின் பாதம்.

சிலாகைக் கூட்டின் நன்மைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. எச்சம் கீழே விழுந்துவிடும், காற்று நன்றாக ஓடும், கார்த்திகை மழையில் வளவெல்லாம் வெள்ளம் நின்றாலும் கோழி நனையாது, கீரி தோண்டிக்கொண்டு உள்ளே வராது. இவற்றை நான் மறுக்கவில்லை.

ஆனால் ஒருநாள் காலையில் தீன் போடும்போது சாம்பல் பேடு ஒன்று ஒற்றைக்காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. பிடித்து மடியில் வைத்துக் காலைத் திருப்பிப் பார்த்தால், உள்ளங்காலின் நடுவில் மிளகளவில் கறுத்த பொருக்கு. அதைச் சுற்றிச் சிவந்து வீங்கி, தொட்டால் சூடு. பக்கத்து வளவு மாமி எட்டிப் பார்த்துவிட்டு, "முள்ளுக் கிள்ளுக் குத்தியிருக்கும், விடு தம்பி, தானா மாறும்" என்றா. அன்றைக்கே மற்றக் கோழிகளின் காலையும் பார்த்தேன். இன்னும் மூன்றுக்கு அதே பொருக்கு. நாலு கோழிக்கு ஒரே இடத்தில் முள்ளுக் குத்தாது.

பனஞ்சிலாகை வைரம் பாய்ந்த மரம். நாளாக நாளாக அதன் விளிம்பு தும்பு தும்பாகக் கிளம்பி ஊசிபோல நிற்கும். கோழி ஒவ்வொரு விடியலிலும் நெஞ்சளவு உயரத்திலிருந்து இறுகின நிலத்தில் குதிக்கிறது. ஏணிப்பலகை வைத்தாலும் அரைவாசிக் கோழிகள் அதில் இறங்குவதில்லை. உள்ளங்காலில் சின்னக் கீறல் விழுந்தால் போதும், தோலில் சாதாரணமாக இருக்கும் ஸ்டஃபிலோகொக்கஸ் கிருமி உள்ளே போய்ச் சீழ் கட்டும். இதைவிட, சிலாகை இடைவெளிக்குள் விரல் சிக்கி நகம் கழன்ற சம்பவம் இரண்டு. இரவில் கீழேயிருந்து எலி ஏறி, உறங்கும் கோழியின் விரலைக் கடித்ததும் நடந்தது. விடிய அந்தக் கோழி நின்ற இடத்தில் சிலாகையெல்லாம் இரத்தம், மற்றவை அந்தச் சிவப்பைக் கண்டு கொத்தத் தொடங்கிவிட்டன. அந்தக் காட்சி இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை.

காயத்துக்குச் செய்ததையும் சொல்லவேண்டும். முதலில் காயப்பட்டதைப் பிரித்துக் கரப்புக்குள், அதாவது கோழி கவிழ்க்கும் கூடைக்குள், அடைத்து, இருட்டான மூலையில் வைத்துத் தண்ணீர் வைப்பேன். காயம் ஆறித் தோல் மூடும்வரை கூட்டத்தோடு விடக்கூடாது. ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீருக்கு ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, கிட்டத்தட்ட 9 கிராம். அந்தத் தண்ணீரை இளஞ்சூடாக்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் காலை ஊறவிட்டுக் கழுவுவேன். பிறகு பாமசியில் வாங்கும் பொவிடோன் அயடீனை வெறுந்தேத்தண்ணி நிறத்துக்குத் தண்ணீர் கலந்து பூசி, துணி சுற்றி விடுவேன். நகம் கழன்று இரத்தம் வடிந்தால் சோளமாவை அப்பி ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் நிற்கும். வீக்கம் கூடினால், உள்ளே கட்டியாகச் சீழ் இறுகினால், நாய் பல்லுப் பட்டால், புண்ணில் புழு கண்டால், மிருக வைத்தியரிடம்தான். நாய்க்கடி மேலே சின்னத் துளை, உள்ளே ஆழம். பிளேட்டால் கீறிப் பார்க்கும் வேலை வேண்டாம். காலைத் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், அந்தக் கிருமி எங்களுக்கும் தொற்றும்.

புதுக்கூட்டின் தரையை வளவு மட்டத்திலிருந்து ஒரு அடி உயர்த்திப் போட்டோம். அதன்மேல் நாலு அங்குலம் உமி. இரவில் ஏறி உறங்கும் தடி இரண்டு அங்குல அகலம், விளிம்பு உருட்டிச் சீவியது, முழங்காலளவு உயரத்துக்கு மேல் இல்லை. தடிகள் எல்லாம் ஒரே உயரம், இல்லாவிட்டால் மேல்தடிக்குச் சண்டை. சாம்பல் பேட்டின் கால் ஒரு மாதத்துக்குள் ஆறியது. அதற்குப் பிறகு, பத்து மாதமாக, புதிதாக ஒரு பொருக்கும் நான் காணவில்லை. மாதம் ஒருமுறை இரவில் லைற் அடித்து எல்லாக் கோழியின் காலையும் பார்க்கிறேன். உறக்கத்தில் பிடித்தால் அடிபடாது.

இதில் வேலை இல்லை என்று நினைக்கக்கூடாது. உமியைக் கிழமைக்கு ஒருமுறை கிளறவேண்டும். ஐப்பசி கார்த்திகையில் சாரல் அடித்து நனைந்த இடத்தை அன்றைக்கே அள்ளி எறியவேண்டும், தண்ணிப் பாத்திரத்தைச் சுற்றி ஒவ்வொரு நாளும் பார்க்கவேண்டும். ஈர உமியில் அமோனியா மணம் கண்ணைக் கரிக்கும், இரத்தக் கழிச்சலும் வரும், நனைந்து மென்மையான பாதமும் இலகுவாகப் புண்படும். காலையில் பத்து நிமிடம் ஒதுக்க முடியாதவர்களுக்குச் சிலாகைக் கூடுதான் பாதுகாப்பு. அள்ளின உமி வாழைக்குப் போகிறது, அது எங்களுக்கு இலாபம்.

வலை விசயத்தில் இரண்டு கூட்டுக்கும் ஒரே பேச்சு. அறுகோணக் கோழிவலை கோழியை உள்ளே வைத்திருக்கும், மரநாயை வெளியே வைத்திருக்காது. எங்கட உப்புக் காற்றில் துருவேறி, கை வைத்தாலே பிய்ந்துபோனது. அரை அங்குல வெல்ட் மெஷ், அதாவது கம்பிகளை ஒட்டிச் செய்த சதுரக்கண் வலை, போடுங்கள். வெட்டின கம்பி நுனிகளை வெளிப்பக்கம் மடித்து மேலே சட்டம் அடியுங்கள், கொண்டையும் கண்ணும் கிழிவது அந்த நுனிகளில்தான். கீரி பகலில் வரும், மரநாய் இரவில் வரும். ஆகவே கதவுக்குக் கொளுக்கி இரவுக்கு மட்டும் என்று இருக்காதீர்கள். கீரி தோண்டாமல் இருக்க மெஷ்ஷை நிலத்துக்குள் ஒரு அடி இறக்கினோம்.

எங்கட பக்கம் செம்மண், தண்ணி சுவறிவிடும். மாரியில் முழங்காலளவு வெள்ளம் நிற்கும் தாழ்ந்த காணியில் இதே கூடு சரிவருமா என்று என்னால் சொல்ல முடியாது. அங்கே நான் என்றால் கால் வைத்த கூட்டைத்தான் வைத்து, அடித்தட்டில் சீவின பலகை அடித்து உமி போட்டுப் பார்ப்பேன். ஐம்பது நூறு கோழி வளர்ப்பதும் எனக்குப் பழக்கமில்லை.

பழைய கூட்டை எறியவில்லை. குற்றிகளை அரைவாசிக்கு அரிந்து, சிலாகைக்கு மேல் பலகை போட்டு, வேம்புக்குக் கீழே வைத்திருக்கிறோம். காயப்பட்ட கோழி இப்ப கரப்புக்குள் சுருண்டு கிடப்பதில்லை, அதற்குள் நின்று மற்றவையைப் பார்த்துக்கொண்டு தீன் தின்னும். இந்தக் கிழமை அதில் இருப்பது ஒரு சேவல். பக்கத்து வளவுச் சேவலோடு வேலி இடைவெளியால் சண்டை போட்டுக் கொண்டை கிழித்துக்கொண்டு வந்தது.