"100 வாட்" என்று அச்சிட்டு விற்கப்படும் கேபிள்கள்: ஓர் எச்சரிக்கை

இணையத்தில் வாங்கிய இரண்டு மீட்டர் டைப்-சி கேபிள் ஒன்று, "100 வாட், தூய செம்பு" என்ற வாசகத்தோடு வந்து, மடிக்கணினிக்கு ஒருநாளும் 60 வாட்டுக்கு மேல் தராமல், சில மாதங்களில் அடியோடு செயலிழந்தது. கோளாறு சார்ஜரில்தான் இருக்கும் என்று விற்பனையாளர் ஒற்றை வரியில் பதில் அனுப்பினார். அதே சார்ஜர் வேறொரு கேபிளில் முழுத்திறனையும் தருவதைப் படமெடுத்து அனுப்பியபோது, திருப்பித் தருவதற்கான காலம் முடிந்துவிட்டது என்றார். அந்தப் பொருள் இன்றும் அதே படத்துடன் விற்பனையில் இருக்கிறது. இப்போது அதன் மேல் 140 வாட் என்று எழுதியிருக்கிறார்கள்!

60 வாட்டில் நின்றதற்குக் காரணம் உண்டு. டைப்-சி விதிமுறைப்படி 3 ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் பெற வேண்டுமானால், கேபிளின் தலைக்குள் இ-மார்க்கர் என்னும் சில்லு இருந்து, இந்தக் கேபிள் 5 ஆம்பியரைத் தாங்கும் என்று சார்ஜருக்குத் தெரிவிக்க வேண்டும். சில்லு இல்லையென்றால் ஒழுங்கான சார்ஜர் 20 வோல்ட்டில் 3 ஆம்பியரை, அதாவது 60 வாட்டை, தாண்டாது.

கேபிளை அறுத்துப் பார்த்ததில் இரு தலைகளிலும் சில்லு இல்லை. கம்பி இழைகளைக் கத்தியால் சுரண்டியதும் செந்நிறம் உரிந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. அதாவது, செம்பு பூசிய அலுமினியம். செம்பின் மின்கடத்துதிறனில் ஏறத்தாழ 61 விழுக்காடுதான் அலுமினியத்துக்கு உண்டு என்பதோடு, அடிக்கடி வளைந்தால் அது செம்பைவிட விரைவில் முறிந்தும் விடும். (வெளியே வெள்ளையும் உள்ளே சிவப்புமாக இருந்தால் அது வெள்ளீயம் பூசிய செம்பு, அதில் ஏமாற்று ஏதுமில்லை.) இழைகள் அறுந்திருந்த இடமும் கவனிக்கத்தக்கது. தலைக்குள் கம்பியைப் பற்றவைத்த சால்டர் (ஈயப்பற்று) ஊறி விறைத்த பகுதி முடிந்து, நெகிழும் பகுதி தொடங்கும் அந்த எல்லையில்தான் ஒவ்வொரு வளைவின் அழுத்தமும் குவிகிறது. அதைப் பரவலாக்க வேண்டிய கழுத்து ரப்பரோ கட்டையாகவும் குட்டையாகவும், வெறும் அலங்காரத்துக்கென்றே பொருத்தப்பட்டிருந்தது. ஒவ்வோர் இழையாக அறுந்தபின் மிஞ்சிய சில இழைகளே முழுச் சுமையையும் ஏற்றதால்தான், கடைசி நாட்களில் அந்தத் தலை தொட முடியாதபடி சுட்டிருக்கிறது.

தங்க நிறமும் துணிப்பின்னலும் தரத்துக்குச் சான்றாகா. முலாமின் தடிமனைக் கண்ணால் அறிய முடியாது. பின்னலோ உள்ளிருப்பதை மறைக்கத்தான் உதவுகிறது. உறையில் கம்பியின் தடிமனைக் குறிக்கும் ஏடபிள்யூஜி (AWG) எண் இருந்தால் பாருங்கள். எண் கூடக் கூடக் கம்பி மெலியும். தூய செம்பாகவே இருந்தாலும், 28 எண் கம்பியில் இரண்டு மீட்டர் தொலைவுக்கு 2 ஆம்பியர் போய்த் திரும்பும்போது சுமார் 1.7 வோல்ட் வழியிலேயே வீணாகும். 20 எண் கம்பியில் இழப்பு 0.3 வோல்ட்டுக்கும் குறைவு. 5 வோல்ட் சார்ஜரில் அந்த 1.7 வோல்ட் போனால் கைப்பேசிக்கு என்ன மிஞ்சும்?

யூஎஸ்பி சான்று பெற்ற டைப்-சி கேபிள்களுக்கு 60 வாட் அல்லது 240 வாட் என்ற முத்திரையே உண்டு என்பதால், "100 வாட்" என்று மட்டும் போட்டிருப்பதை நான் இனி நம்பப் போவதில்லை. கேபிள் கைக்கு வந்தவுடன், திருப்பித் தரும் காலம் முடிவதற்குள், மின்னோட்டமும் வோல்ட்டும் காட்டும் சிறிய யூஎஸ்பி மீட்டரை நடுவில் பொருத்தி, சார்ஜ் குறைந்த மடிக்கணினியில் சோதித்து, அந்த அளவைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.