ஓவனுக்குள் இருட்டு: எந்த பல்பு தாங்கும்?

கேக் எழும்பி வரும் நேரத்தில் ஓவனின் உள்விளக்கு எரியாவிட்டால், கதவைத் திறந்துதான் பார்க்க வேண்டும். திறந்த கணமே சூடு வெளியேறிவிடும். நடுவில் இன்னும் வேகாத கேக் அப்படியே அமுங்கிப் போகும். அதனால் அந்தச் சின்ன விளக்கை நான் ஆடம்பரமாக நினைப்பதில்லை.

கோளாறு பல்பில் இருக்கலாம், ஹோல்டரில் இருக்கலாம், சுவிட்சில் இருக்கலாம். பெரும்பாலும் பல்புதான். சில ஓ.டி.ஜி.களில் (மேசைமேல் வைக்கும் சிறு மின் ஓவன்களில்) டைமரைத் திருகினால்தான் விளக்கு எரியும் என்பதை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்.

பல்பைச் சோதிக்கப் பலர் செய்வது, புதியது ஒன்றை வாங்கி மாட்டிப் பார்ப்பது. மின் அளவுகளைக் காட்டும் மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு அந்தச் செலவு தேவையில்லை. நல்ல 25 வாட் பல்பு, குளிர்ந்த நிலையில் நூற்றுச் சொச்சம் ஓம் மின்தடை காட்டும். 230 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டால் 2,100 ஓம் வருகிறதே என்று குழம்ப வேண்டாம். டங்ஸ்டன் இழை சூடேறிய பிறகுதான் அந்த அளவை எட்டும். மீட்டர் அசையவே இல்லையென்றால் இழை அறுந்துவிட்டது. இழை கண்ணுக்குத் தெரிகிறதே என்று நம்பிவிடக் கூடாது. மயிரிழை விரிசல் பார்வைக்குப் படாது.

கழற்றும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவரோடு பதித்த ஓவன் என்றால் மின்பலகையில் அதற்குரிய எம்.சி.பி. சுவிட்சை இறக்குங்கள். உள்ளே முழுவதும் ஆறிய பிறகே கை வைக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கில் இறுகிய கண்ணாடி மூடியை ரப்பர் கையுறையோடு இடப்பக்கமாகத் திருகினால் இளகிவிடும்.

இனி, அந்த இடத்தில் எதை மாட்டுவது?

ஃபிரிட்ஜ் பல்பும் ஓவன் பல்பும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். இரண்டுக்கும் அதே 14 மில்லிமீட்டர் திருகு, அதே 15 வாட். கடைக்காரர் ஃபிரிட்ஜ் பல்பை எடுத்துக் கொடுத்தார். நானும் வாங்கி மாட்டினேன். எரியவும் செய்தது. சில வாரங்கள் கழித்துக் கழற்றப் போனபோது கண்ணாடி தனியாக என் கையில் வந்தது, உலோகத் தொப்பி ஹோல்டரிலேயே தங்கிவிட்டது. இரண்டையும் ஒட்டியிருந்த பசை, 200 டிகிரிச் சூட்டில் பொரிந்து உதிர்ந்திருந்தது. ஓவன் பல்பின் பசையும் பற்றவைப்பும் சூட்டைத் தாங்கவே செய்யப்பட்டவை. அதன் மேல் 300 டிகிரி என்று அச்சிட்டிருக்கும். கடையில் வாட்டைக் கேட்பதற்கு முன் அந்த 300-ஐத் தேடுங்கள்.

மின்சாரம் மிச்சமாகும், பல ஆண்டு உழைக்கும் என்று எல்.இ.டி.யைச் சொல்வார்கள். கூடத்துக்கு அது சரி. ஓவனுக்குள் திருகும் எல்.இ.டி. பல்பை நான் அடியோடு மறுக்கிறேன். நூறு டிகிரியைத் தாண்டினாலே அதன் உள்ளிருக்கும் மின்னணுச் சுற்று கெடத் தொடங்கும். கேக்குக்கோ 180 தேவை. சில ஓவன்களில் எல்.இ.டி. விளக்கு வருகிறதே என்றால், சூடு எட்டாத இடம் பார்த்து வைத்து வடிவமைத்திருப்பார்கள்.

பதித்த ஓவன்கள் பலவற்றில் இரண்டு முள் கொண்ட ஜி9 என்ற வகை ஹாலோஜன் பல்பு இருக்கும். வெளிச்சம் வெண்மையானது, ரொட்டியின் பொன்னிறத்தை இதில் பார்ப்பதே அழகு. ஆனால் வெறும் விரலால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை படிந்த இடம் அதிகம் சூடாகி, பல்பு சீக்கிரம் உடைந்துவிடும். துணியால் பிடித்து மாட்டுங்கள். இதிலும் ஓவனுக்கென்றே செய்ததைத்தான் வாங்க வேண்டும். திருகு ஹோல்டர் உள்ளவர்கள் இதற்கு ஆசைப்பட வேண்டியதில்லை. இருக்கும் ஹோல்டருக்கு உரியதே போதும்.

நல்ல பல்பு மாட்டியும் எரியவில்லையா? ஹோல்டரின் அடியில் உள்ள தகடு கருகியிருந்தால் ஹோல்டரையே மாற்ற வேண்டும். அதையும் சுவிட்சையும் மெக்கானிக்கிடம் விடுவதே என் வழக்கம்.

மைக்ரோவேவில் இந்த யோசனை எதற்கும் இடமில்லை. பெரும்பாலானவற்றில் விளக்கு வெளிக்கூட்டுக்குள் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அங்குள்ள கெப்பாசிட்டர் உயிரைப் பறிக்கும் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். கூட்டைத் திறக்காதீர்கள்.