கல்லடியில் விலைக்கு நிற்கும் பழைய மாமரத் தோணி: வாங்கலாமா?

மட்டக்களப்பு, கல்லடி வாவிக்கரையில் ஓலை மறைப்புக்குள் கவிழ்த்து வைத்திருக்கும் இந்தத் தோணிக்கு, "நூறு வருசப் பழசு" என்று சொல்லித்தான் விலை கேட்கிறார்கள். அந்தப் பேச்சை ஒரு பக்கம் வைத்துவிட்டு மரத்தைப் பார்க்க வேண்டும். வயது அவ்வளவு இல்லை. ஆனாலும் இது அருமையான சாமான்தான்.

நீளம் 19 அடி, நடுவில் அகலம் 26 அங்குலம், அடித்தடிப்பு 2 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரே அடிமரத்தைக் குடைந்து, இரு பக்கமும் ஒவ்வொரு பலகையைத் தும்புக்கயிற்றால் தைத்து உயர்த்தியிருக்கிறார்கள். மரம் மா. மா அவ்வளவு பாரமில்லை, குடைய இலகு; ஆனால் உளுப்புக்குச் சீக்கிரம் இடங்கொடுக்கும். எண்ணெய் பூசி நிழலில் ஏற்றி வைத்துப் பாவித்தாலும் ஒரு மாமரத் தோணி நூறு வருசம் தாங்குவது மிக அபூர்வம்.

உட்புறத்தைக் கையால் தடவினால் வாச்சி (மரம் செதுக்கும் கைக்கருவி) கொத்திய தடங்கள் மீன்செதிள் போல விரலில் தட்டுப்படும். சங்கிலி வாள் பட்டிருந்தால் நேர்நேராகக் கீறல் கிடக்கும். இதில் அப்படி ஒன்றும் இல்லை, கையால் குடைந்ததுதான். அணியத்தில் (தோணியின் முன்பக்கத்தில்) இருப்பவை உருண்டைக் கம்பி ஆணிகள். கொல்லுப்பட்டறை ஆணி சதுரமாக இருக்கும். உருண்டை ஆணி திருத்த வேலையில் ஏறியிருக்கலாம் என்பதால், அதை மட்டும் வைத்து வயதைக் குறைக்கக் கூடாது. பக்கத்தில் அடைபட்ட சதுரத் துளை உண்டா என்று பார்க்க வேண்டும். இங்கே இல்லை, அதனால் இவை பிறகு மாற்றிய ஆணிகள் போலத் தெரியவில்லை.

இனி உளுப்பு. மாரியில் மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய நன்னீராகிவிடும். கோடையில் முகத்துவாரப் பக்கம் உப்பேறும். மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பற்புழுவுக்கு உப்பு வேண்டும். வெளியே குண்டூசித் தலையளவு ஓட்டைதான் தெரியும். உள்ளே பென்சில் பருமனில் சுண்ணாம்பு பூசியது போன்ற வெள்ளைக் குழாய் ஓடும். இந்தத் தோணியில் அது அகப்படவில்லை. வாவித் தோணியை அதிகம் கெடுப்பது உள்ளே தேங்கும் மழைத்தண்ணீர்தான். பேனாக் கத்தி நுனியைத் தையல் துளைகளைச் சுற்றியும் அணியத்தின் அடியிலும் அழுத்திப் பாருங்கள். நல்ல மரம் நுனியோடு நிறுத்திவிடும். கெட்டதென்றால் கத்தி அரை அங்குலம் சும்மா இறங்கி, கறுத்த ஈரமாவோடு வெளியே வரும்.

பெரிய குறை அடியில் இருக்கிறது. 2 அடி நீளத்துக்கு ஃபைபர் ஒட்டு. மரத்தின் மேல் ஃபைபர் பூசினால் உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் அங்கேயே அவிந்து மரத்தைத் தின்னும். மரச்சுத்தியலால் தட்டினால் மற்ற இடமெல்லாம் "டொக்" என்கிறது, ஒட்டின் நடுவில் "பொத்" என்கிறது. அதை உரித்துக் காட்டச் சொல்லாமல் காசு கொடுக்க வேண்டாம். உரித்தால் நிழலில் சில கிழமை காயவிட்டு, கெட்டதை வெட்டியெடுத்து, மாத்துண்டு பொருத்தி, தும்பும் எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியமும் வைத்துக் கலப்பத்துப் பார்க்க (இடுக்குகளை அடைக்க) வேண்டும். நல்ல ஓடாவி (தோணி கட்டும் தச்சர்) வேண்டிய வேலை.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் அருமை என்கிறோம்? 7 அடிக்கு மேற்பட்ட சுற்றளவில், 19 அடி வளையாமல் நிற்கும் மாமரம் இன்று தேடினாலும் லேசில் கிடைக்காது. 1978 நவம்பர்ச் சூறாவளியும் 2004 டிசம்பர் 26 கடற்கோளும் இந்தக் கரையில் மரத்தோணிகளை அள்ளிக்கொண்டு போயின. அதன்பின் உதவியாக வந்தவற்றில் ஃபைபர் வள்ளமே அதிகம்.

ஆகவே வயதுக்கு விலை பேசாதீர்கள். அதே அளவு மரமும் குடையும் கூலியும் இன்று என்ன வரும் என்று ஓடாவியிடம் கேட்டு, ஒட்டைத் திருத்தும் செலவைக் கழியுங்கள். அதுதான் நியாயமான மேல்வரம்பு. விடுதி அலங்காரத்துக்கு வாங்குபவர் கூடக் கொடுப்பார். தண்ணீரில் விட வாங்குபவர் அவரோடு போட்டி போடத் தேவையில்லை. தோணியின் பக்கத்தில் கடற்றொழில் பதிவிலக்கம் எழுதியிருந்தால், மாவட்டக் கடற்றொழில் அலுவலகத்தில் உடைமைப் பெயரைச் சரிபார்த்த பிறகே முற்பணம்.

லொறியில் ஏற்றும்போது இரு நுனியில் மட்டும் தாங்க விடாதீர்கள், நடு பிளக்கும். வைக்கோல் மூடை மூன்று இடத்தில் வைத்து, மேலே ஈரச்சாக்கு போட்டு, வெயில் ஏறுமுன் கொண்டுபோய்விடுங்கள்.