விடுதிக் காப்பாளர்களுக்கான ஒருநாள் பயிற்சி: என் மதிப்பீடு

பாலியல் வன்முறைக்கு உள்ளான மாணவியருக்குக் கல்லூரி ஊழியர்கள் எவ்வாறு துணை நிற்பது என்பது குறித்து, டெல்லியில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய பயிற்சியில் சென்ற மாதம் கலந்துகொண்டேன்.

காலை அமர்வு மிகச் சிறப்பு. "அங்கே ஏன் போனாய்?" என்ற கேள்வியை நாவிலேயே நிறுத்தக் கற்றுத்தந்தார்கள், கதவைச் சாத்தலாமா என்பதைக்கூட அவளிடமே கேட்டு, தண்ணீர்த் தம்ளரை அவள் கைக்கெட்டும் தூரத்தில் வைத்து, "நீ சொல்வதை நம்புகிறேன்" என்று மட்டும் சொல்லிக் காத்திருக்கும்படி எங்களை இருவர் இருவராக உட்காரவைத்துப் பழக்கினார்கள். உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் காகித உறையில் வைக்க வேண்டும் என்பதையும், தனியார் மருத்துவமனையும் கட்டணமின்றி உடனே சிகிச்சை தரச் சட்டப்படி கடமைப்பட்டது என்பதையும், எல்லை பாராமல் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் பதியலாம் என்பதையும் பொறுமையாக விளக்கினார்கள்.

பிற்பகல் அவசரமாக ஓடியது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிகளின்படி உள் புகார்க் குழுவிடம் 3 மாதங்களுக்குள் முறையிட வேண்டும், விசாரணை 90 நாட்களில் முடிய வேண்டும் என்பதோடு நிறுத்திவிட்டார்கள். எங்கள் விடுதியில் தமிழ்ப் பிள்ளைகள் பலர். நடுக்கத்தில் வாய்க்கு வருவது தாய்மொழிதான். அவர்களுக்கு மொழி தெரிந்த துணையை எங்கே தேடுவது என்று கேட்டேன், பதில் கிடைக்கவில்லை. அடுத்த முறை அதற்கும் நேரம் ஒதுக்கினால், என் சக காப்பாளர்கள் அனைவரையும் அழைத்துச் செல்வேன்.