மோட் 1, மோட் 2: ட்ரோன் ரிமோட்டில் எந்த ஸ்டிக்குக்கு என்ன வேலை

ட்ரோன் ரிமோட் வாங்கும்போது நான் மோட் 2 எடுத்தேன். இன்றும் அதே பக்கம்தான்.

ரிமோட்டின் இரண்டு ஸ்டிக்குக்கும் நான்கு வேலைகளை எப்படிப் பிரிக்கிறோம் என்பதுதான் மோட். த்ராட்டில் ட்ரோனை ஏற்றி இறக்கும், யா மூக்கைத் திருப்பும், பிட்ச் முன்பின் நகர்த்தும், ரோல் பக்கவாட்டில் நகர்த்தும். மோட் 2-இல் இடது ஸ்டிக்கில் த்ராட்டிலும் யாவும், வலதில் பிட்சும் ரோலும். மோட் 1-இல் த்ராட்டிலும் பிட்சும் இடம் மாறிக்கொள்ளும். அவ்வளவுதான். முன்னே போகப் பின் மோட்டார்கள் இரண்டும் வேகமெடுப்பது, திரும்ப ஒரே பக்கம் சுற்றும் மூலைவிட்ட ஜோடி வேகமெடுப்பது எல்லாம் இரண்டிலும் ஒன்றே.

என்னைச் சாய்த்தது கட்டைவிரலின் பிசகு. தரை நெருங்கிவிட்டது என்று பதறி த்ராட்டிலை மேலே தள்ளும்போது விரல் நேர்கோட்டில் போகாது. கொஞ்சம் பக்கவாட்டில் சறுக்கும். மோட் 2-இல் அந்தச் சறுக்கல் யாவில் விழும். மிதந்து நிற்கும் ட்ரோன் மூக்கைத்தான் திருப்பும், இடம் நகராது. மோட் 1-இல் அதே சறுக்கல் ரோலில் விழும். ட்ரோன் சாய்ந்து பக்கவாட்டில் ஓடும். பக்கத்தில் மரமோ சுவரோ இருந்தால் கதை முடிந்தது. விரலை எடுத்தால் தானாக நேராகும்படி அமைத்திருந்தாலும், ஜிபிஎஸ் இல்லாத ட்ரோன் வந்த வேகத்தில் கொஞ்ச தூரம் வழுக்கிக்கொண்டே போகும்.

சரி, மோட் 2-இலும் பிட்சைத் தள்ளும்போது ரோல் கலக்கத்தான் செய்யும். ஆனால் நாம் பதறி இழுப்பது பெரும்பாலும் த்ராட்டிலைத்தான். அதோடு, குவாட்காப்டர், அதாவது நான்கு விசிறி ட்ரோன், எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் போகிறது. குறுக்காகப் போக மோட் 2-இல் வலது ஸ்டிக்கைக் குறுக்காகத் தள்ளினால் போதும். மோட் 1-இல் இரண்டு கையும் அளவு பார்த்துச் சேர வேண்டும்.

ஜப்பானில் மோட் 1 பரவலாகப் புழங்குகிறது. வித்தை காட்டும் விமானங்களுக்கு அதுதான் துல்லியம் என்பார்கள். நான் அவற்றை ஓட்டியதில்லை, மறுக்க மாட்டேன். ஏற்கெனவே மோட் 1 கையில் படிந்தவர்களும் மாறத் தேவையில்லை.

மாற வேண்டுமென்றால் டிஜேஐ ட்ரோன்களில் ஆப்பிலேயே மாற்றலாம். எட்ஜ்டிஎக்ஸ் என்ற மென்பொருள் ஓடும் ரிமோட்டில் மெனுவில் மாற்றுவது பாதி வேலைதான். அவற்றில் பெரும்பாலும் த்ராட்டில் நடுவுக்குத் திரும்பாது என்பதால், அப்புறம் ஸ்டிக்கை நடுவுக்கு இழுக்கும் ஸ்பிரிங்கையும் மறுபக்கத்துக்கு மாற்றியாக வேண்டும்.