ஏழு பேருக்கு எயார் ஃப்ரையர்ல மொறுமொறு கிழங்கு, ஆறு மாசம் பாவிச்ச பிறகு எழுதுறன்

வாங்கினது தைப்பொங்கலுக்கு முதல் கிழமை, கிளிநொச்சி டவுன்ல ஒரு கடையில. நாலரை லீற்றர், 1500 வொட், திருப்புற பட்டன் ரெண்டு, ஒண்டு சூட்டுக்கு மற்றது நேரத்துக்கு. பெட்டியில ஆறு பேருக்குக் காணும் எண்டு போட்டிருந்தது. எங்கட வீட்டில ஏழு பேர், மாமா, மாமி, நாங்கள் ரெண்டு பேர், பிள்ளையள் மூண்டு, ஒராள்தானே கூட எண்டு நம்பி எடுத்தனான். இப்ப ஆரும் கேட்டா முதல் சொல்லுறது இதைத்தான், அந்தக் கணக்கு உருளைக்கிழங்குக்குச் சரிவராது.

முதல் நாள் ஒரு கிலோவை வெட்டி எண்ணெய் பிரட்டி முழுக்க ஒண்டாக் கொட்டி 25 நிமிசம் விட்டனான். மேல கிடந்த பத்துப் பதினைஞ்சு துண்டு மட்டும் சிவந்துது, கீழ கிடந்ததெல்லாம் அவிஞ்சு ஈரமாக் கிடந்துது. சின்னவள் ஒண்டைக் கடிச்சிட்டுக் கோப்பையில திரும்ப வைச்சிட்டாள். மாமி ஒண்டும் சொல்லேல்லை, அதை அப்பிடியே எடுத்து வெங்காயம் செத்தல் தாளிச்சுப் பிரட்டலாக்கிப் போட்டா.

பிறகுதான் இது எப்பிடி வேலை செய்யுது எண்டு யோசிச்சனான். பேர்தான் ஃப்ரையர், ஆனா இது பொரிக்கிற சாமான் இல்லை, மேல ஒரு கொயில், அதுக்கு மேல ஒரு ஃபான், அந்தச் சூட்டுக் காத்து ஒவ்வொரு துண்டிலயும் சுத்திவரப் படவேணும், அவ்வளவுதான். கிழங்கில முக்கால் பங்குக்கு மேல தண்ணி. குமிச்சுப் போட்டா அந்த ஆவி வெளியில போக வழியில்லாமல் உள்ளயே நிண்டு கிழங்கை அவிச்சுப்போடும். சூட்டை எவ்வளவு கூட்டினாலும் மேல கருகுமே ஒழிய மொறுமொறுக்காது.

இப்ப நான் செய்யிற விதம் இது, கனதரம் மாத்தி மாத்திப் பாத்து வந்தது. ஒண்டேகால் கிலோ கிழங்கைத் தோல் சீவி பெருவிரல் மொத்தத்துக்கு வெட்டி, வெள்ளைத் தண்ணி போகும்வரைக்கும் ரெண்டு மூண்டு தரம் கழுவவேணும், அந்த மாத்தண்ணி மேல இருந்தா துண்டெல்லாம் ஒண்டோட ஒண்டு ஒட்டும். பிறகு உப்புப் போட்டுக் கொதிக்கிற தண்ணியில அரைத் தேக்கரண்டி அப்பச்சோடாவும் போட்டு ஏழெட்டு நிமிசம் அவியவிடுங்கோ, சோடா கிழங்கின்ட வெளிப்பக்கத்தைக் கரைச்சுப் பொருபொருக்கப் பண்ணும். வடிச்சுப்போட்டு உடன எண்ணெய் ஊத்தாதேங்கோ. சட்டியை அடுப்பில திரும்ப வைச்சு சின்ன நெருப்பில ரெண்டு நிமிசம், ஆவி பறக்கிறது நிண்டு கிழங்கு வெள்ளை பூத்து வரும், அப்ப மூடியால மூடி ரெண்டு கையாலயும் சட்டியைப் பிடிச்சு நாலைஞ்சு தரம் நல்லாக் குலுக்கவேணும். திறந்து பாத்தா ஒவ்வொரு துண்டிலயும் ஓரம் உடைஞ்சு களி மாதிரி ஒரு படை ஒட்டியிருக்கும். மொறுமொறுப்பு வாறது அந்தப் படையிலதான், எங்கட வீட்டில பிள்ளையள் அந்த ஓரத்துக்குத்தான் அடிபடுறவை.

அதில ரெண்டு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய், பிட்டுக்கு வறுத்து வைச்சிருக்கிற சிவப்பரிசிமாவில ஒரு மேசைக்கரண்டி. எண்ணெய் முதல், மா பிறகு. மாறிப் போட்டா மா காய்ஞ்சு வெள்ளைத் திட்டாவே நிக்கும். மிளகாய்த்தூள் இப்ப போடக்கூடாது, 200 பாகையில கருகிக் கைச்சுப்போகும், இறக்கின சூட்டோட தூவுங்கோ. கறிவேப்பிலையும் அப்பிடித்தான், பாரமில்லாத இலை காத்தில எழும்பிப் போய் மேல கொயில்ல ஒட்டி எரியும், ஒருநாள் குசினி முழுக்கப் புகை.

ஏழு பேருக்கு ஒண்டாச் சூடாக் குடுக்கிற வழி கண்டுபிடிக்கத்தான் கனநாள் எடுத்தது. ரெண்டு தரமாப் போட்டா முதல் போட்டது ஆறித் தோய்ஞ்சு போகும், முதல் கோப்பை எடுத்த ஆள் சாப்பிட்டு எழும்ப மற்ற ஆள் இருக்கும், அது எனக்குப் பிடிக்கேல்லை. இப்ப முதல் பாதியை 200ல 18 நிமிசம், ஆறு நிமிசத்துக்கு ஒருக்கா லாச்சியை இழுத்துக் குலுக்கி, முழுக்கச் சிவக்க முதல் எடுத்து அகலத் தட்டில பரப்பி வைக்கிறன். மூடக்கூடாது. அடுத்த பாதியும் அதே மாதிரி. கடைசியில ரெண்டையும் ஒண்டாக் கொட்டி அஞ்சு நிமிசம். ஈரம் முதலே போனபடியா அப்ப நிரம்பிக் கிடந்தாலும் பிரச்சினை இல்லை. குலுக்கேக்க சத்தம் மாறும், முதல் பொத்து பொத்தெண்டு விழுந்தது இப்ப கலகல எண்டு கேக்கும், அதுதான் பதம்.

கிழங்கும் முக்கியம். நுவரெலியா, வெலிமடைக் கிழங்கு எனக்கு நல்லா வருது. மாசி பங்குனியில வாற யாழ்ப்பாணப் புதுக்கிழங்கு கறிக்கு அந்த மாதிரி ருசி, ஆனா ஈரம் கூட, இதுக்கு இன்னும் நாலைஞ்சு நிமிசம் வேணும். ஃபிரிஜ்ஜுக்க வைச்ச கிழங்கை எடுக்காதேங்கோ, குளிரில மா சீனியா மாறி உள்ளுக்கு வேக முதல் வெளியில கறுக்கும்.

கரண்ட் கணக்கு: எல்லாமாச் சேர்த்து முக்கால் மணித்தியாலம், 1500 வொட் விடாமல் ஓடினாலும் ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் கூட, இடைக்கிட தானா நிண்டு நிண்டு ஓடுறபடியா அதிலும் குறைய. முந்தி தாச்சியில இதே கிழங்குக்கு முக்கால் போத்தல் தேங்காயெண்ணெய் ஊத்தினனான், மாமாவுக்குக் கொலஸ்ரோல் எண்டு அவருக்கு மட்டும் வேற சமைச்சனான். இப்ப அவரும் எல்லாரோடயும் இருந்து இதையே சாப்பிடுறார், காசு மிச்சத்தை விட எனக்கு அதுதான் பெரிசு.

பிளக் விசயத்தில கவனம். 1500 வொட் எண்டா ஆறரை அம்பியர் இழுக்கும், பழைய வீடுகளில இருக்கிற சின்ன வட்ட 5 அம்பியர் சொக்கற்றில அடப்டர் போட்டுக் குத்தாதேங்கோ. நாங்கள் முதல் ரெண்டு நாள் எக்ஸ்டென்சன் வயர்ல போட்டு, வயர் தொட ஏலாத சூடு, பிளாஸ்டிக் மணம், பிறகு இவர் ஆள் பிடிச்சு குசினிக்கு 13 அம்பியர் சதுர சொக்கற் தனியா இழுப்பிச்சவர். இன்னொண்டு, கனடாவில இருந்து சொந்தக்காரர் கொண்டு வந்து தாறது 120 வோல்ட், இங்க 230, நேரை குத்தினா அந்த இடத்திலயே முடிஞ்சுது. லண்டன் சாமான் எண்டா பிரச்சினை இல்லை.

எனக்கு உண்மையாக் கோபம் வந்தது ஒரு விசயத்தில. கூடைக்க இருக்கிற தட்டுக்கு நாலு மூலையிலயும் சின்ன றப்பர், ரெண்டாம் மாசமே ஒண்டு கழண்டு கிழங்கோட கிழங்கா நடுப்பிள்ளையின்ட கோப்பையில கிடந்துது, நல்ல காலம் கண்டிட்டன். கடைக்குக் கொண்டு போனா றப்பர் வாரண்டிக்குள்ள வராதாம். மூண்டு தரம் ஏறி இறங்கின பிறகுதான் வேற தட்டுத் தந்தவை. சின்னப் பிள்ளையள் இருக்கிற வீட்டில ஒவ்வொரு தரமும் கழுவேக்க நாலையும் விரலால அமத்திப் பாருங்கோ.

மீன், கருவாடு போட்டா மணம் அடுத்த நாள் கிழங்குக்கும் வருது, நான் விட்டிட்டன்.

நாலு பேருக்கு இந்த அளவு தாராளம், எடுக்கலாம். எங்களைப் போல ஏழெட்டுப் பேர் எண்டா லீற்றர் கணக்கைப் பாக்காதேங்கோ, கடையில பெட்டியைத் திறக்கச் சொல்லி லாச்சியை வெளியில இழுத்துக் கூடையின்ட அடி எவ்வளவு அகலம் எண்டு கையை விரிச்சு வைச்சுப் பாருங்கோ. ஆழமானதை விட்டிட்டு அகலமானதை எடுங்கோ.