கச்சான் காற்றுக்கு முன்னால் சிலிக்கோன் ஒட்டுத்தாள்

சத்திரசிகிச்சைத் தழும்பின் மேல் ஒட்டும் சிலிக்கோன் தாளை மட்டக்களப்பு நகரத்துப் பாமசிகளில் இப்போது கேட்டு வாங்க முடிகிறது. முன்கை எலும்பு முறிவுக்குத் தகடு வைத்ததில் வந்த நீளத் தழும்புக்காக, மழை கொண்டுவரும் வாடைக்காற்றுக் காலத்தில் தொடங்கி, சூடான வறண்ட காற்றான கச்சான் வீசும் காலம் வரை இதைப் பாவித்துவருகிறேன். பெட்டியில் எழுதியிருப்பவை பெரும்பாலும் சரியானவைதாம். ஆனால் அவை குளிரூட்டிய அறையில் இருப்பவருக்காக எழுதப்பட்டவை.

இதில் மருந்து எதுவும் இல்லை. புதிதாக மூடிய காயத்தின் மேல்தோல் இயல்பான தோலைவிட விரைவாக ஈரத்தை இழக்கும் என்பதும், அந்த வறட்சி உள்ளே கொலாஜன் என்ற தோலின் நார்ப்புரதம் மிகையாகச் சேர்வதைத் தூண்டித் தழும்பைத் தடிக்கச் செய்யும் என்பதும், மேலே சிலிக்கோன் படலம் இருந்தால் ஈரம் வெளியேறுவது குறைந்து தடிப்பும் தணியும் என்பதும்தான் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். தையல் பிரித்து, காயம் முழுதாக மூடிய பின்னரே ஒட்டத் தொடங்கலாம். நாளொன்றுக்கு 12 மணித்தியாலங்களுக்குக் குறையாமல், இரண்டு மூன்று மாதங்களாவது ஒட்டியிருக்க வேண்டும்.

மார்கழி, தை மாதங்களில் தாள் ஒட்டிய இடத்திலேயே நின்றது. கழுவிய தாளை உலர்த்துவதுதான் சிரமமாக இருந்தது: அடைமழை நாட்களில் ஈரம் எளிதில் காய்வதில்லை, துவாயால் ஒற்றினாலோ நூலிழைகள் ஒட்டிப் பசைத்தன்மை கெடுகிறது. மழை இருட்டினால் தழும்பு உளையும் என்று ஊரில் சொல்வார்கள், எனக்கும் உளைகிறது. தாள் அதைக் குறைக்கவில்லை. குறைக்கும் என்று பெட்டியிலும் எழுதவில்லை.

உண்மையான சோதனை ஆனியில் வந்தது. மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, சூடேறி வறண்டு நம்மூருக்கு இறங்கும் கச்சான், பகல் வெப்பத்தைச் சில நாட்களில் 35 பாகைவரை ஏற்றிவிடுகிறது. தோலை வறளச் செய்யும் இக்காலத்தில்தான் தாளின் தேவை அதிகம். இக்காலத்தில்தான் அதை ஒட்டியிருப்பதும் கடினம். ஆழமான தழும்பில் வியர்வைச் சுரப்பிகள் இல்லாததால், தாளின் நடுப்பகுதி உலர்ந்து உறுதியாக ஒட்டியிருக்க, சுற்றியுள்ள நல்ல தோலின் வியர்வை ஓரங்களில் தேங்கி, முதலில் மூலைகளையே கிளப்புகிறது. கிளம்பிய மூலையில் புழுதி அப்பும். மாலைக்குள் அவ்விடத்தில் வேர்க்குரு போட்டுக் கடிக்கத் தொடங்கும். மூலைகளைக் கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டியபின் கிளம்புவது ஓரளவு குறைந்தது. கடி கூடும் நாளில் கழற்றி, கழுவி, தோலை ஆறவிட்டே மீண்டும் ஒட்ட வேண்டும்.

வெயிலுக்கு இது மறைப்பு அல்ல. புதிய தழும்பு வெயில் பட்டால் எளிதில் கறுத்துவிடும்; நம் தோலில் அந்தக் கறுப்பு மாதக்கணக்கில் நிற்கும். சன்ஸ்கிரீன் பூசிய தோலில் தாள் ஒட்டாது. ஆகவே கல்லடிப் பாலத்தைப் பகலில் மோட்டார் சைக்கிளில் கடப்பவருக்கு முழுக்கைப் பருத்திச் சட்டையே வழி. குழாயில் வரும் சிலிக்கோன் ஜெல்லோ மெல்லியதாகப் பூசினால் சில நிமிடங்களில் காய்ந்துவிடுகிறது, அதன் மேல் சன்ஸ்கிரீனும் பூசலாம். பகலில் ஜெல், மின்விசிறிக்குக் கீழே தூங்கும் இரவில் தாள் என்பதே கச்சான் காலத்துக்கு எனது தெரிவு.

தழும்பு காயத்தின் எல்லையைத் தாண்டிப் படர்ந்தால் அது கீலொயிட். நெஞ்சிலும் தோளிலும் காதுமடலிலும் அது அதிகம் வரும். அதற்குத் தாளை மட்டும் நம்பியிருக்காமல் தோல் வைத்திய நிபுணரிடம் காட்டுவதே முறை. மற்றவர்களுக்கு, தடிப்பைத் தணிப்பதில் இந்தத் தாள் கொடுத்த காசுக்கு வேலை செய்கிறது. கழுவிக் கழுவி வாரக்கணக்கில் பாவிக்கலாம் என்பது வாடைக்காலக் கணக்கு. கச்சானில் பசை வெகு விரைவில் போய்விடுவதால், பெரிய தாளாக வாங்கி வேண்டிய அளவுக்கு வெட்டிக்கொள்வதுதான் கட்டுபடியாகும்.